விழுந்துகொண்டே இருக்கும் சந்திரன்



சில ஆண்டுகளுக்கு முன்னர், பள்ளிச் சிறுவர்களுக்கென ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற ஒரு சிறு நூலைத் தமிழாக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. விண்வெளிப் பயணத்தைப் பற்றிய நூல் அது. விண்கலத்தினுள் மனிதர் மிதப்பதைக் கூறும் இடத்தில் மூலநூலில் இருந்தது 'எடையின்மை' என்னும் பொருள் தரும் சொல். நாமோ, சிறுவர்க்கு எளிதில் விளங்க வேண்டுமே என்னும் ஆர்வத்தால், 'பூமியின் ஈர்ப்பு எட்டாத உயரத்தை அடைந்துவிட்டபடியால் அவர்கள் மிதக்கின்றனர்' என்று ஒரு வாக்கியத்தை நாமாகவே சேர்த்துவிட்டோம். நூலும் அச்சாயிற்று. மூன்று மாதம் கழித்து, வட மாநிலம் ஒன்றிலுள்ள தமிழ்ப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. அதன் சாரம் இதுதான்: நானூறு கிலோமீட்டருக்கு மேல் பூமியின் ஈர்ப்பு இல்லை என்றால், ஏறத்தாழ நான்கு லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள சந்திரனைப் பிடித்து வைத்திருப்பது எது? என் மாணவி கேட்கிறாள், விடை கூறுங்கள்.

நாம் கலைப் பிரிவில் பட்டம் பெற்றவர். விஞ்ஞானத்தை முறையாகக் கற்றோமில்லை. ஆகவே அந்த அஞ்சலட்டைக்கு உடனே விடை எழுத இயலவில்லை. நூலகத்திலும், தெரிந்த பேராசிரியர் ஒருவர் இல்லத்திலும் பல மாலைப் பொழுதுகளைச் செலவிட்ட பின்னரே, பிழை ஒரு வாக்கியத்தில் மட்டும் இல்லை, நம் எண்ணத்திலேயே இருந்தது என்பது விளங்கிற்று. அன்று நாம் கற்றதையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் சொற்களைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். தமிழகத்திற்கு வெளியே வாழும் குடும்பங்களில் இஃது அடிக்கடி எழும் இடர்ப்பாடு. குழந்தை பள்ளியில் 'குருத்வாகர்ஷண்' என்று படித்துவிட்டு வருகிறது. கொல்கத்தாவாயின் 'மாத்யாகர்ஷண்' என்று படித்துவிட்டு வருகிறது. பெற்றோருக்குத் தெரிந்ததோ 'புவியீர்ப்பு'. மூன்றும் ஒரே பொருளைக் குறிப்பவையே. 'உபக்ரஹ்' என்று அவர்கள் கூறுவது நமது 'துணைக்கோள்'. பூமிக்குப் பொருள்களை இழுக்கும் ஆற்றல் உண்டு என்னும் கருத்து நம் நாட்டிற்குப் புதியதன்று. 1150-ஆம் ஆண்டளவில் பாஸ்கராசாரியர் இயற்றிய 'சித்தாந்த சிரோமணி'யில் அக்கருத்து காணப்படுகிறது. ஆயின், அந்த ஆற்றலே சந்திரனையும் பிணித்து வைத்துள்ளது என்றோ, அதன் அளவு இன்னது என்றோ அந்நூல் கணக்கிட்டுக் காட்டவில்லை. எனவே யாவும் நம்மவர் முன்னமே அறிந்தவை என்று மார்தட்டிக்கொள்வதில் பயனில்லை. மேலும், 'புவியீர்ப்பு' என்னும் நம் சொல்லிலும் ஒரு சிறு குறை உண்டு. பூமி மட்டுமே ஈர்ப்பது போன்ற தோற்றத்தை அது தருகிறது. உண்மையில் சூரியனும் ஈர்க்கிறது, சந்திரனும் ஈர்க்கிறது, மேசைமேல் இருக்கும் தண்ணீர்ச் செம்பும் தன்னளவில் ஈர்க்கிறது. ஆகவே இப்பேச்சில் 'ஈர்ப்பு' என்றே கூறுவோம்.

இனி, வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனை. மேசையின் விளிம்பில் இரண்டு நாணயங்களை வையுங்கள். ஒன்றை விரலால் வேகமாகச் சுண்டி விடுங்கள். அஃது அறையின் மறுபுறம் போய் விழட்டும். அதே கணத்தில் மற்றொன்றை நேர்கீழே விழச் செய்யுங்கள். கண்களை மூடிக்கொண்டு கேட்டால் தரையில் 'டங்' என்னும் ஓசை ஒன்றாகவே கேட்கும். தொலைதூரம் போய் விழுந்த நாணயமும், அடியிலேயே விழுந்த நாணயமும் கீழே வர எடுத்துக்கொண்ட நேரம் ஒன்றுதான். பக்கவாட்டில் செல்வதால் விழுதல் குறைவதில்லை. செல்வது ஒரு காரியம். விழுவது மற்றொரு காரியம். இரண்டும் ஒன்றையொன்று தடுக்காமல் ஒருங்கே நிகழ்கின்றன. இதைக் கண்டு கூறியவர் இத்தாலி நாட்டுக் கலீலியோ.

கலீலியோ மறைந்த 1642-ஆம் ஆண்டின் இறுதியில், இங்கிலாந்தின் அக்காலப் பஞ்சாங்கப்படி கிறிஸ்துமஸ் நாளன்று, ஐசக் நியூட்டன் பிறந்தார். அவர் ஒரு மலையைக் கற்பனை செய்தார். காற்று மண்டலத்திற்கு மேலும் உயர்ந்து நிற்கும் மலை. அதன் உச்சியில் ஒரு பீரங்கி. குண்டைக் கிடைமட்டமாகச் சுட்டால் அது வளைந்து சென்று சிறிது தொலைவில் விழும். மருந்தைக் கூட்டிச் சுட்டால் மேலும் தொலைவில் விழும். ஆனால் பூமி தட்டையான தரையன்று; உருண்டை. குண்டு செல்லச் செல்லத் தரையும் அதன் கீழே வளைந்து இறங்கிக்கொண்டே போகிறது. எவ்வளவு இறங்குகிறது? 8 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 மீட்டர். கைவிட்ட பொருளொன்று முதல் விநாடியில் விழும் தொலைவும் ஏறத்தாழ 5 மீட்டர்தான். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடை தானே வெளிப்படும். விநாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் குண்டு புறப்பட்டால், அது 5 மீட்டர் விழும்போது தரையும் 5 மீட்டர் விலகிவிடும். அடுத்த விநாடியிலும் அவ்வாறே. குண்டு ஓயாது விழுந்துகொண்டே இருக்கும். தரையை மட்டும் ஒருநாளும் தொடாது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் உலகைச் சுற்றி வந்து, பீரங்கிக்காரனின் முதுகுப்புறமாகத் தோன்றும்.

சந்திரன் ஏன் விழுவதில்லை என்று கேட்கிறோம். கேள்வியே பிழை. சந்திரன் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. பூமியை வந்து அடைவதில்லை, அவ்வளவே.

இதை வெறும் உவமையாக நியூட்டன் விட்டுவிடவில்லை, கணக்கிட்டுப் பார்த்தார். 1665-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் காரணமாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. அவர் தம் ஊரான உல்ஸ்தார்ப் சிற்றூருக்குத் திரும்பினார். வீட்டுத் தோட்டத்தில் ஆப்பிள் பழம் விழக் கண்டு சிந்திக்கலானார் என்னும் கதையைப் பலரும் அறிவர். பழம் விழுவதைக் கண்டவர் கோடிக் கணக்கானவர். அதைச் சந்திரனோடு இணைத்துப் பார்த்ததே அவருடைய சிறப்பு. பூமியின் நடுவிலிருந்து தரை எவ்வளவு தொலைவோ, அதைப் போல் 60 மடங்குத் தொலைவில் சந்திரன் இருக்கிறது. தொலைவு இரு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். அவ்வாறாயின் 60 மடங்குத் தொலைவில் 3,600-இல் ஒரு பங்காக வேண்டும். தரையில் முதல் விநாடியில் விழும் அளவு 4.9 மீட்டர். அதை 3,600-ஆல் வகுத்தால் 1.4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மிகச் சிறிய அளவு, அவ்வளவுதான். சந்திரன் விநாடிக்கு ஏறத்தாழ 1 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் செல்கிறது. அதன் பாதை நேர்கோட்டிலிருந்து ஒரு விநாடியில் எவ்வளவு வளைகிறது என்று தனியே கணக்கிட்டால், அதே 1.4 மில்லிமீட்டர்தான் கிடைக்கிறது. மாமரத்திலிருந்து உதிரும் காய் ஒரு விநாடியில் எவ்வளவு விழுகிறதோ, அவ்வளவைச் சந்திரன் ஒரு நிமிடத்தில் விழுகிறது. காயை இழுப்பதும் சந்திரனை இழுப்பதும் ஒரே கை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? நியூட்டனின் இளமைக் காலக் கணக்கு ஏறத்தாழவே பொருந்தியது. திருத்தமான அளவுகளுடன் அது 1687-இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் இடம்பெற்றது.

இவ்விடத்தில் நாம் பள்ளிநாளில் மனப்பாடம் செய்த ஒரு விளக்கத்தை மறுக்க வேண்டியிருக்கிறது. 'மையநோக்கு விசையும் மையவிலக்கு விசையும் சமமாக இருப்பதால் சந்திரன் சுற்றுகிறது' என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் பெற்றவர் நம்மில் பலர். உண்மையிலேயே இரண்டு விசைகள் எதிரெதிராக இழுத்து ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டால், விசையே இல்லாதது போலாகும். சந்திரன் நேர்கோட்டில் சென்று மறைந்துவிடும். வளைந்து சுற்றுகிறது என்பதே ஈடுசெய்யப்படாத ஓர் இழுப்பு அங்கு உண்டு என்பதற்கு அடையாளம். தினைப்புனத்தில் கவண் சுழற்றுபவனை எண்ணிப் பாருங்கள். கயிற்றை விட்டதும் கல் நேராகப் பறக்கிறது. அதை எவரும் வெளியே தள்ளவில்லை. வளைத்துக்கொண்டிருந்த கயிறு விட்டுப் போயிற்று, தன் போக்கில் அது சென்றது. சந்திரனுக்கும் விசை ஒன்றுதான். அது பூமியின் ஈர்ப்பு. மற்றொன்று விசையன்று, அது தோன்றிய காலந்தொட்டு உடன் இருந்துவரும் ஓட்டம்.

அந்த ஓட்டம் ஏன் நின்றுவிடவில்லை என்று கேட்கலாம். நிறுத்துவதற்கு அங்கு ஒன்றுமில்லை என்பதே விடை. தெருவில் உருளும் பந்து நிற்கிறதென்றால் தரையும் காற்றும் அதைத் தடுக்கின்றன. சந்திரன் செல்லும் வெளியில் தடுக்கக் காற்று இல்லை. காற்றின் மெல்லிய சாயல் இருந்தால் என்னவாகும் என்பதற்கு, மூத்தவர்கள் நினைவில் வைத்திருக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1973-இல் அமெரிக்கர் ஏவிய 'ஸ்கைலாப்' என்னும் விண்வெளி நிலையம், மேல்மண்டலத்தின் மிக மெல்லிய காற்றில் சிறிது சிறிதாக வேகமிழந்து, 1979 ஜூலை 11 அன்று வீழ்ந்தது. நம் தலைமேல் விழுமோ என்று நம் நாட்டிலும் பலர் அஞ்சினர். அதன் துண்டுகள் இந்துமாக் கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியிலும் விழுந்தன.

இனி நமது பிழைக்கு வருவோம். சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கு ஈர்ப்பு இல்லையா? தரையில் உள்ளதில் நூற்றுக்கு 89 பங்கு அங்கும் உண்டு. அவ்வளவு உயரமான கோபுரம் ஒன்றைக் கட்டி, அதன் உச்சியில் தராசை வைத்து, தரையில் 60 கிலோ காட்டும் ஒருவரை நிறுத்தினால் 53 கிலோ காட்டும். அவர் மிதக்கமாட்டார்; கால் தவறினால் நேரே கீழே வருவார். அவ்வாறிருக்க, 2025 ஜூன், ஜூலை மாதங்களில் நம் நாட்டு வீரர் சுபான்சு சுக்லா அந்நிலையத்தில் மிதந்ததை எல்லோரும் கண்டோமே, எப்படி? நிலையமும் விழுகிறது, அவரும் விழுகிறார்; இருவரும் ஒரே அளவில் விழுகின்றனர். ஆகவே அவர் காலைத் தாங்கும் தரை அங்கு இல்லை. நாம் எடை என்று உணர்வது ஈர்ப்பையன்று. தரை நம்மைத் தாங்குவதையே. திருவிழாக்களில் பெரிய ராட்டினம் மேலிருந்து கீழிறங்கும்போது வயிற்றில் ஒரு கூச்சம் தோன்றுமே, அந்நேரத்தில் பூமி ஈர்ப்பைக் குறைத்துக்கொண்டதா? ஆசனம் நம்மைத் தாங்குவது குறைந்தது, அவ்வளவே. அக்கூச்சம் ஓயாமல் நீடித்தால் அதுவே விண்வெளி வீரரின் நிலை. ஈர்ப்பு இல்லாததால் மிதக்கிறார்கள் என்று நாம் எழுதியது, மழையில் நனைந்தவனைக் கண்டு வானில் மேகமே இல்லை என்று கூறியதற்கு ஒப்பாகும். ஈர்ப்பு இல்லையென்றால் அந்நிலையம் சுற்றவே சுற்றாது. நூல் மறுபதிப்பு வந்தபோது அவ்வாக்கியத்தை நீக்கிவிட்டோம். முதற்பதிப்பின் படிகள் பல பள்ளிகளில் இன்னும் இருக்கக்கூடும் என்பதுதான் நமக்கு வருத்தம்.

வெளி மாநிலத் தமிழர் வீட்டு மாடியிலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தமிழ்ச் செய்தியும் இசையும் கொண்டுவரும் டிஷ் ஆண்டெனா தில்லியில் தென்திசையை நோக்கிச் சாய்ந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். ஊரை எண்ணித் தெற்கே பார்க்கிறது போலும் என்று நண்பரொருவர் வேடிக்கையாகக் கூறுவார். நிலநடுக்கோட்டிற்கு நேர்மேலே, தரையிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள துணைக்கோளை அது நோக்குகிறது. தமிழகத்தில் அதே தட்டு இன்னும் நிமிர்ந்து வானைப் பார்க்கும். அத்துணைக்கோள் ஆணியடித்தாற்போல் ஓரிடத்தில் நிற்பதாகத் தோன்றினும், விநாடிக்கு 3 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. விநாடிக்குச் சுமார் 11 சென்டிமீட்டர் பூமியை நோக்கி விழவும் செய்கிறது. அது ஒருமுறை சுற்றுவதற்கும் பூமி ஒருமுறை தன்னைத்தானே சுழல்வதற்கும் ஆகும் நேரம் ஒன்றே. ஆகையால் நமக்கு அசையாதது போல் காண்கிறது.

சந்திரன் பூமிக்கு எப்படியோ, பூமி சூரியனுக்கு அப்படியே. சராசரி 15 கோடி கிலோமீட்டர் தொலைவில், விநாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடும் நாம், அதே விநாடியில் சூரியனை நோக்கி 3 மில்லிமீட்டர் விழுகிறோம். பாதை சரியான வட்டமன்று. சற்றே நீண்ட வட்டம். இதை 1609-இல் கெப்ளர் வெளியிட்டார். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. ஜூலையில் இருப்பதைக் காட்டிலும் சுமார் 50 லட்சம் கிலோமீட்டர் அருகில். தில்லியில் நாம் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருப்பது அந்நாட்களில்தான். குளிருக்குக் காரணம் தொலைவன்று, பூமியின் அச்சின் சாய்வு என்பதைக் குழந்தைகளுக்கு உணர்த்த இதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

கூர்மையான மாணவன் ஒருவன் இங்கே குறுக்கிடக்கூடும். சூரியன் சந்திரனை இழுப்பது, பூமி சந்திரனை இழுப்பதைவிட இரு மடங்குக்கும் மேல். கணக்கு அவ்வாறே கூறுகிறது. பின் சந்திரனைச் சூரியன் ஏன் பறித்துக்கொள்ளவில்லை? விண்வெளி நிலையத்தில் கண்ட விடையே இங்கும் பொருந்தும். சூரியன் சந்திரனை மட்டும் தனியே இழுக்கவில்லை. பூமியையும் ஏறத்தாழ அதே அளவில் விழச் செய்கிறது. இரண்டும் சேர்ந்தே விழுவதால் அவற்றின் உறவு குலைவதில்லை.

இந்த விழுதலின் அளவைக் கொண்டு, சென்று தொட முடியாத கோள்களை நிறுத்துப் பார்க்கவும் இயலும். 1610 ஜனவரியில் கலீலியோ தம் தொலைநோக்கியால் வியாழனைச் சுற்றும் நான்கு துணைக்கோள்களைக் கண்டார். அவற்றுள் உட்புறம் உள்ளது 'ஐயோ'. (பெயரைக் கேட்டு நகைக்க வேண்டாம், அது கிரேக்கப் புராணத்துப் பெண்ணொருத்தியின் பெயர்.) வியாழனுக்கும் ஐயோவுக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 4,22,000 கிலோமீட்டர், நமக்கும் சந்திரனுக்கும் 3,84,000. ஏறத்தாழ ஒரே தொலைவு. ஆனால் சந்திரன் ஒருமுறை சுற்ற 27 நாளுக்கு மேல் ஆகிறது. ஐயோ நாற்பத்திரண்டரை மணி நேரத்தில் சுற்றிவிடுகிறது. அதன் வேகம் சந்திரனைப் போல் 17 மடங்கு. அத்தனை வேகத்தில் ஓடுவதை வளைத்துப் பிடிக்க 17-ஐ 17-ஆல் பெருக்கிய அளவில் வலிமை வேண்டும். தொலைவின் சிறு வேறுபாட்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 318 மடங்கு வரும். வியாழன் பூமியைப் போல் 318 மடங்கு பொருண்மை உடையது. தராசும் படிக்கல்லுமின்றி, ஒரு கடிகாரத்தையும் தொலைநோக்கியையும் கொண்டு பெற்ற முடிவு இது.

நம் நாட்டவர் இந்த விதியைக் கையாண்ட விதத்தையும் கூற வேண்டும். 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட சந்திரயான்-3 நேரே சந்திரனுக்குச் செல்லவில்லை. பூமியை நீள்வட்டத்தில் சுற்றியது. பூமிக்கு மிக அருகே வேகமாக வரும் ஒவ்வொரு தறுவாயிலும் எஞ்சினைச் சிறிது இயக்கினர். மறுபுறத்தில் பாதை மேலும் நீண்டது. 36,500 கிலோமீட்டர் என்றிருந்த அதன் உச்சம் ஜூலை 25-இல் 1,27,000 கிலோமீட்டரைத் தாண்டிற்று. ஆகஸ்டு 1-இல் சந்திரனை நோக்கித் திரும்பியது. ஆகஸ்டு 5-இல் சந்திரனை அடைந்ததும் செய்தது விரைவதன்று. ஏறத்தாழ அரை மணி நேரம் எஞ்சினை எதிர்முகமாக இயக்கி வேகத்தைக் குறைத்ததே. ஏனெனில் விழுந்து பெற்ற வேகத்தோடு வரும் கலம், அதே வேகத்தோடு விலகிச் சென்றுவிடும். சந்திரனால் அதைப் பிடிக்க முடியாது. குறைப்பதிலும் அளவு வேண்டும். அதே மாதம் 19-ஆம் தேதி ரஷ்யாவின் லூனா-25 கலம் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, 84 விநாடி இயங்க வேண்டிய எஞ்சின் 127 விநாடி இயங்கிவிட்டது. வேகம் மிகுதியாகக் குறைந்ததால் பாதை தாழ்ந்து, கலம் தரையில் மோதி நொறுங்கிற்று. நாற்பத்துமூன்று விநாடிகளின் பிழை. நமது கலம் நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 23 மாலை மெல்ல இறங்கியது.

ஈர்ப்பு ஏன் உண்டாகிறது என்பதை நியூட்டன் விளக்க முற்படவில்லை. 1915-இல் ஐன்ஸ்டீன், பொருள்கள் தம்மைச் சூழ்ந்த வெளியையும் காலத்தையுமே வளைக்கின்றன என்று கூறி அதற்கு விடை கண்டார். அது தனியே ஒரு பேச்சுக்குரிய பொருள். இன்று சந்திரனோடு நிறுத்திக்கொள்வோம்.

சந்திரன் நம்மைத் திரும்ப இழுப்பதை மும்பைக் கடற்கரையில் வாழ்வோர் அன்றாடம் காண்கின்றனர். கொல்கத்தாவில் ஹூக்ளி நதியில் கடலிலிருந்து எதிரேறி வரும் 'பான்' என்னும் நீர்ச்சுவரைக் கண்டவரும் அறிவர். அந்த ஏற்றவற்றத்தால் எழும் நீரின் மேடு, பூமி விரைந்து சுழல்வதால் சந்திரனுக்குச் சற்று முன்னே சென்று நிற்கிறது. அங்கிருந்து சந்திரனை இம்மியளவு முன்னோக்கி இழுக்கிறது. அதனால் சந்திரன் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் வீதம் விலகிச் செல்கிறது. 1969 முதல் அங்கே வைக்கப்பட்டுள்ள கண்ணாடிகளின்மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி இதை அளந்திருக்கின்றனர். சங்கப் புலவர்கள் கண்ட திங்கள், இன்றைய திங்களைக் காட்டிலும் ஏறத்தாழ எழுபத்தைந்து மீட்டர் நமக்கு அருகில் இருந்தது. ஆசிரியைக்கு நாம் எழுதிய விடைக் கடிதத்தின் இறுதியில் இந்தக் கணக்கையும் சேர்த்திருந்தோம். அம்மாணவி அதைச் சரிபார்த்துவிட்டு, எழுபத்தாறு மீட்டர் என்று திருத்தி அனுப்பியிருந்தாள்.